கொதித்த வண்டியும் குடும்பச் சேமிப்பும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்வோரில் கடுகண்ணாவை ஏற்றத்தை அறியாதார் இலர். சில மாதங்களுக்கு முன்னர், உறவினர் வீட்டுத் திருமணத்திற்காகக் குடும்பத்தோடு அவ்வேற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தோம். எமது வண்டிக்கு வயது 20 இற்கு மேல். பாதி வழியிலே வெப்பங் காட்டும் முள் சிவப்புக் கோட்டை எட்டிற்று.

"அப்பா, முள் மேலே போகிறது. நிறுத்துங்கோ" என்றாள் அருகில் இருந்த மகள்.

முகூர்த்தம் தவறிவிடுமே என்ற அவசரம் எனக்கு. "இன்னும் கொஞ்சத் தூரந்தானே, பிள்ளை" என்று சொல்லி ஓட்டினேன். கண்டியை அண்மித்தபோது இயந்திரம் தட்டுத் தடுமாறி நின்றது. பின்குழாயிலிருந்து வெண்புகை மண்டியது.

வண்டி வைத்திருப்போர் அஞ்சும் நோய்களுள் ஒன்றாகிய 'ஹெட் காஸ்கெட்' பழுது எம்மையும் பிடித்துக்கொண்டது. அதனால் யாம் கற்றவை பிற குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும்.

இயந்திரத்தின் அடிப்பாகம் புளொக். அதன்மேல் மூடியாக அமைந்தது ஹெட். இரண்டுக்கும் இடையில் நெரிக்கப்பட்டிருக்கும் மெல்லிய தகடே காஸ்கெட். சிலிண்டரில் எரியும் நெருப்பு, உராய்வைத் தணிக்கும் எண்ணெய், சூட்டைத் தணிக்கும் நீர் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாது காப்பதே அதன் தொழில். எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் வெப்பம் 2,000 பாகை செல்சியசையும் கடக்கிறது. ஒரு விரற்கிடை தள்ளி ஓடும் நீரோ 90 பாகை அளவில் இருத்தல் வேண்டும்.

எமது வண்டியைப் போன்ற பலவற்றில் ஹெட் அலுமினியத்தாலும் புளொக் வார்ப்பிரும்பாலும் ஆனவை. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். சூடு அளவு கடந்தால் ஹெட் வளைகிறது. பிடி தளர்ந்த இடத்திலே காஸ்கெட் கருகித் திறக்கிறது.

வழியருகே இருந்த ஒரு வேலைத்தலத்தார் வண்டியைச் சோதித்துப் பாராமலே, "எஞ்சின் முழுவதையும் கழற்ற வேண்டும், பாதிப் பணத்தை முன்னதாகக் கட்டுங்கள்" என்றனர். அவர்கள் கேட்ட தொகை, மகளின் பல்கலைக்கழக விடுதிச் செலவுக்கென ஒதுக்கி வைத்த பணம் முழுவதையும் விழுங்கிவிடும். என் மனைவிதான் தடுத்தாள். "என்ன வருத்தமென்று முதலில் பார்க்கட்டும். பிறகு மருந்துக்குக் காசு கொடுப்போம்" என்றாள். வண்டியை லொறியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து, முதியவரான மெக்கானிக் ஒருவரிடம் ஒப்படைத்தோம்.

"முள் சிவப்பைத் தொட்ட பிறகு எவ்வளவு தூரம் ஓடினீர்கள், ஐயா?" என்றார் அவர்.

"அரை மைல் இருக்கும்" என்றேன். மகள் என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

அவர் ஸ்பானரை எடுக்குமுன் சோதனைகளைத் தொடங்கினார். எண்ணெய் மூடியின் அடியிலே பாலாடை போன்ற படிவு உண்டா என்று பார்த்தார். அது மட்டும் போதிய சான்றன்று. குளிர்ந்த மலைநாட்டில் சிறு தூரம் மட்டும் ஓடும் வண்டிகளிலும் ஈரம் படிந்து அவ்வாறு தோன்றுவதுண்டு. அடுத்து, ரேடியேற்றரின் வாயில் நீலநிறத் திரவம் கொண்ட குழாயைப் பொருத்தி இயந்திரத்தைச் சிறிது நேரம் இயக்கினார். திரவம் மஞ்சளாயிற்று. எரிந்த வாயுவிலுள்ள காபனீரொட்சைட்டு நீருக்குள் கசிகிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஈற்றில் ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளந்தார். அடுத்தடுத்துள்ள 2 ஆம், 3 ஆம் சிலிண்டர்கள் இரண்டிலும் அமுக்கம் குறைந்திருந்தது. அவற்றுக்கு நடுவேதான் தகடு திறந்துவிட்டது என்று உறுதியாயிற்று.

பின்னர் ஒரு தாளிலே செலவை மூன்று படிகளாக எழுதித் தந்தார்: சோதனைக் கூலி, ஹெட்டைக் கழற்றிப் பார்க்கும் கூலி, பூட்டி முடிக்கும் செலவு. ஒவ்வொரு படி முடிந்ததும், மேலே செல்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்யும் உரிமை எமக்கு. வாசகர்களும் இத்தகைய தாளைக் கேட்டுப் பெறுதல் நன்று.

காஸ்கெட்டின் விலை அற்பமே. பெருஞ்செலவு அதனை எட்டுவதற்கான உழைப்பில்தான் உண்டு. ஹெட்டை லேத் வேலைத்தலத்துக்கு அனுப்பி வெடிப்பு உண்டா எனச் சோதித்து, வளைவைச் சீவிச் சமன் செய்தல் வேண்டும். இறுக்கும்போதே நீளுமாறு செய்யப்பட்ட போல்ட்டுகளாயின் புதியனவே போடவேண்டும். எண்ணெய், வடி, குளிரூட்டும் திரவம் ஆகியவையும் புதியனவாதல் வேண்டும். செலவைக் குறைக்க எண்ணி ஹெட்டைச் சோதியாமல் பூட்டினால், சில மாதங்களில் இதே செலவு மீண்டும் வரும். ஓட்டையை அடைக்கும் திரவங்களை நம்பி ஊற்றினால், அவை ரேடியேற்றரின் நுண்குழாய்களையும் அடைத்துவிடக்கூடும்.

ஹெட்டைக் கழற்றியபின் அதன்மேல் நேர்கோலை வைத்து, இடுக்கிலே மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்துக் காட்டினார். தகடு தடையின்றிச் சென்றது. "ஐயா, இது அரை மைல் வளைவல்ல" என்று சிரித்தார். நான் தலைகுனிந்து, "நாலு மைல்" என்றேன்.

இவ்வளவுக்கும் மூலகாரணம் ரேடியேற்றரின் விசிறியை இயக்கும் சிறு மின்கருவி ஒன்று செயலிழந்தமையே. அதன் விலை, மணமக்களுக்கென யாம் கொண்டு சென்ற அன்பளிப்பிலும் குறைவு. காஸ்கெட்டை மட்டும் மாற்றி இதனை விட்டிருந்தால் அடுத்த ஏற்றத்திலும் அதே கதியே நேர்ந்திருக்கும். ஆதலால், "காஸ்கெட் போயிற்று" என்பாரிடம், "ஏன் போயிற்று?" என்று கேட்க மறவாதீர்கள்.

பழைய வண்டிக்கு இவ்வளவு செலவிடலாமா என்று சிலர் வினவக்கூடும். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. அவ்வாண்டுகளில் பழைய வண்டிகளும் விலையேறின. வண்டியை விற்றால் வரும் விலையையும், திருத்தும் செலவையும், வேறு வண்டி வாங்கும் விலையையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தோம். திருத்துவதே மேல் எனக் கண்டோம்.

முள் ஏறுமாயின், உடனே ஓரமாக நிறுத்தி இயந்திரத்தை அணைத்துவிடுங்கள். ரேடியேற்றர் மூடியைச் சூட்டோடு திறவாதீர்கள். அமுக்கத்தின் கீழ் நீர் 120 பாகை வரையும் கொதியாது நிற்கும். மூடி திறந்த கணமே சீறிப் பாய்ந்து முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். ஆறும்வரை காத்திருப்பதற்குக் காசு செலவில்லை.

விடுதிப் பணத்தில் ஒரு பகுதி கரைந்துதான் போயிற்று. அதனை மாதந்தோறும் சிறிது சிறிதாக ஈடுசெய்து வருகிறேன். அண்மையில் மீண்டும் கண்டிக்குச் சென்றபோது, ஏற்றம் தொடங்குமுன்னரே மகளின் கண்கள் முள்ளின்மேல் இருந்தன. "சொல்லு பிள்ளை, நிறுத்துகிறேன்" என்றேன். முள் அசையவில்லை; எனினும் பாதி வழியில் நிறுத்தி, யாவரும் தேநீர் அருந்திய பின்னரே புறப்பட்டோம்.