லட்சம் கிலோமீட்டர் ஓடிய எஸ்யூவி: வாங்கியதும் எதிலிருந்து தொடங்குவது?

ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய எஸ்யூவி கைமாறும்போது, பெரும்பாலும் வண்டியோடு சேர்ந்து வராதது அதன் பராமரிப்பு வரலாறு. என்ஜின் ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, ரேடியேட்டரில் இருப்பது கூலன்டா வெறும் தண்ணீரா, டைமிங் பெல்ட் எத்தனை ஆண்டு பழையது என்பதெல்லாம் விற்றவருக்கே பல நேரங்களில் தெரியாது. ஆகவே எதுவுமே மாற்றப்படவில்லை என்று வைத்துக்கொண்டு, வாங்கிய நாளிலிருந்து புதுக் கணக்கு தொடங்குவதுதான் முதல் விதி.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழில் வட்டாரத்தில் இந்த விதிக்கு இன்னும் அழுத்தம் உண்டு. கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பேறியது. சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை 48-இல் வண்டிகள் மணிக்கணக்கில் வேகம் குறையாமல் ஓடுகின்றன. விடுமுறை நாளில் அதே வண்டி ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குகிறது. எதை முதலில் கவனிப்பது என்பதை இந்த நான்குமே முடிவு செய்கின்றன.

செலவுக்கு முன் சோதனை

ஓடோமீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. பெடல் ரப்பர், ஸ்டீயரிங் உறை, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் ஆகியவற்றின் தேய்மானம் அந்த எண்ணோடு பொருந்த வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைக் கொடுத்துப் பழைய சர்வீஸ் விவரங்களைக் கேட்கலாம். ஸ்கேனர் இணைத்துப் பார்த்தால், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும் கோளாறுகள் தெரியும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதும் முக்கியம். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் ஏராளமான வாகனங்கள் நீரில் மூழ்கின; 2021 நவம்பரில் பாலாற்றிலேயே பெருவெள்ளம் வந்தது. தரைவிரிப்புக்குக் கீழே படிந்த சேறு, இருக்கை நகரும் தடத்தில் துரு, சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்தால் தெரியும் நீர்க்கறை ஆகியவை அதற்கு அடையாளம். ஓடிச் சூடேறிய டிஃபரன்ஷியல் திடீரென நீரில் மூழ்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் என்னும் காற்றுத்துளை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். டிஃபரன்ஷியல் ஆயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள்.

எண்ணெய்களும் ஃபில்டர்களும்

வாங்கிய முதல் வாரத்திலேயே என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் ஆகியவற்றை மாற்றிவிட வேண்டும். ஆயிலின் தரத்தை வண்டியின் கையேட்டில் பார்த்தே வாங்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருப்பதால், அவற்றுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் தேவை. பழைய ஆயில் கட்டியாகப் படிந்திருந்தால், ஃப்ளஷ் ரசாயனத்தை ஊற்றி ஒரே நாளில் கழுவ முயல்வது ஆபத்து. பெயர்ந்து வரும் கசடு ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துவிடும். புது ஆயிலை ஊற்றி, இரண்டாயிரம் கிலோமீட்டருக்குள் மறுபடியும் மாற்றுவதே பாதுகாப்பான வழி.

அடுத்து கியர்பாக்ஸ் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண சர்வீஸில் இவை அதிகம் விடுபடுகின்றன. பொலேரோ, ஸ்கார்ப்பியோ போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட்டுகளுக்கு கிரீஸ் அடித்து, ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ரேடியேட்டரில் உப்புத் தண்ணீர்

தோலைக் கெடாமல் வைக்க உப்பு சேர்க்கப்படுகிறது. பதனிடும்போது அந்த உப்பு கழிவுநீரில் இறங்குகிறது. பல பத்தாண்டுகளாக அது பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரில் கலந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதைக் குறிப்பிடுகிறது. பயிரைக் கெடுத்த உப்பு, உலோகத்தையும் விட்டுவைக்காது.

அத்தகைய போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் இரண்டு கேடுகள் நேர்கின்றன. நீரிலுள்ள குளோரைடு அலுமினியத்தில் நுண்துளைகளை அரிக்கும். கால்சியமும் மக்னீசியமும் சூட்டில் பிரிந்து, பாத்திரத்தின் அடியில் உப்புப் பொரிவதுபோல ரேடியேட்டர் குழாய்களின் உட்புறத்தில் படியும். அந்தப் படிவு வெப்பத்தை வெளியேற விடாது. மே மாத வெயிலில், ஏசி ஓட, ஆள் நிறைந்து போகும் வண்டியில் இதன் விளைவு ஹெட் கேஸ்கட் போவதாகவும், சிலிண்டர் ஹெட் வளைவதாகவும் முடியும்.

எனவே பழைய நீரை முழுதும் வடித்து, சுத்தமாகக் கழுவி, கடைசிக் கழுவலை டிஸ்டில்ட் வாட்டரில் முடித்து, கையேடு சொல்லும் கூலன்டை நிரப்ப வேண்டும். அடர் கூலன்ட் என்றால் அதைச் சரிபாதி டிஸ்டில்ட் வாட்டரோடு கலப்பது பொதுவான அளவு. தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, ஹோஸ்கள், வாட்டர் பம்ப், ஃபேன் ஆகியவற்றையும் அதே நாளில் சோதிப்பது நல்லது. வழியில் என்ஜின் கொதித்துவிட்டால், ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. வேறு வழியின்றித் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால் பாட்டில் தண்ணீரை ஊற்றி, ஊர் திரும்பியதும் வடித்துக் கூலன்ட் நிரப்ப வேண்டும்.

வாட்டர் சர்வீஸிலும் இதே கவனம் தேவை. உப்புத் தண்ணீர் அடிப்பாகத்தில் காய்ந்தால் சேஸிஸின் மடிப்புகளில் துரு பிடிக்கும். கதவின் அடியிலுள்ள வடிதுளைகள் அடைபடாமல் இருக்க வேண்டும். துருவைச் சுரண்டி எடுக்காமல் மேலே ஆன்டி-ரஸ்ட் பூச்சு அடிப்பது, துருவை உள்ளே வைத்து மூடுவதுதான்.

டைமிங் பெல்ட்

ரெனோ டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல், பழைய டொயோட்டா ஃபார்ச்சூனரின் 3.0 லிட்டர் டீசல் ஆகியவற்றில் இருப்பது டைமிங் பெல்ட். மஹிந்திரா ஸ்கார்ப்பியோ, எக்ஸ்யூவி 500 ஆகியவற்றின் எம்-ஹாக் என்ஜினில் இருப்பது செயின். ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். என்ஜினையே பிரிக்க வேண்டிவரும். பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லையென்றால், டென்ஷனர், ஐட்லர் பேரிங்குகளோடு சேர்த்து உடனே மாற்றிவிட வேண்டும். பெல்ட்டால் இயங்கும் வாட்டர் பம்ப் என்றால் அதையும் அப்போதே மாற்றினால் இரட்டைக் கூலி மிச்சம். செயின் உள்ள வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் சலசலப்புக் கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

பிரேக், டயர், அடிப்பாகம்

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிய டாட்-4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிதான். ஏலகிரியிலிருந்து பிரேக்கை விடாமல் மிதித்தபடி இறங்கினால், பழைய ஆயில் கொதித்துக் குமிழி கட்டி, பெடல் தரை வரை இறங்கிவிடும். ஆகவே வாங்கியதும் பிரேக் ஆயிலை மாற்றி, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மலையிலிருந்து இறங்கும்போது தாழ்ந்த கியரில் வருவது பிரேக்கின் சுமையைக் குறைக்கும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்கின்றன. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டயரின் பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் வயதான ரப்பர் வெடிப்பு விட்டிருந்தால் நெடுஞ்சாலைக்கு ஆகாது. காற்றழுத்தத்தை, வண்டி ஓடிச் சூடேறும் முன்பே பார்க்க வேண்டும். காற்று குறைந்த டயர் அதிகம் மடங்கிச் சூடேறுவதால்தான் கோடையில் வெடிக்கிறது. ஸ்டெப்னியையும் மறக்கக் கூடாது.

பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றைச் சரிசெய்த பிறகே வீல் அலைன்மென்ட் செய்ய வேண்டும். முன்னதாகச் செய்தால் அந்தக் காசு வீண். பழைய உதிரிபாகச் சந்தையில் கதவோ விளக்கோ வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங் பாகங்களை மட்டும் புதிதாகவே வாங்க வேண்டும்.

கணக்கு நோட்டு

இவ்வளவும் முடிந்தபின் ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர், மாற்றிய பொருள், பில் எண் ஆகியவற்றை எழுதி வர வேண்டும். வாரம் ஒருமுறை ஆயில் அளவும் கூலன்ட் அளவும் பார்த்துக் குறித்தால், எங்கே குறைகிறது என்பது பெரிய பழுதாவதற்கு முன்பே தெரியவரும். பழைய எஸ்யூவி வாங்குவோர் கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டியின் விலைக்கே கொடுத்துவிடாமல், இந்த முதல் சுற்றுப் பராமரிப்புக்கு ஒரு தொகையை விலை பேசும்போதே ஒதுக்கி வைக்க வேண்டும். அதற்கு இடம் இல்லையென்றால், அந்த வண்டி அவர்கள் வசதிக்கு மீறியது.