முன்னெச்சரிக்கை: எடுப்பது யார்?

தீர்மான நோட்டில் "முன்னெச்சரிக்கை" என்று எழுதுகிறோம். பேசும்போது "முன்ஜாக்கிரதை" என்கிறோம். அவசரத்துக்கு "உஷார்!" மூன்றும் ஒன்றுதானே என்று கேட்கிறீர்கள். ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் எச்சரிக்கையும் முன்னெச்சரிக்கையும் ஒன்றில்லை. எச்சரிக்கையைப் பெரும்பாலும் பிறர் விடுப்பார்கள். முன்னெச்சரிக்கையை நாம்தான் எடுக்க வேண்டும்.

சென்னை கே.கே. நகர் பக்கம் நடந்ததைப் பாருங்கள். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை அடையாற்றில் திறந்துவிட்டார்கள். கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுத்தார்கள்தான். ஆனாலும் எவ்வளவு தண்ணீர், எத்தனை மணிக்கு வரும் என்பது பலருக்குத் தெரியாது. கே.கே. நகரை ஒட்டிய ஜாபர்கான்பேட்டையில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அந்த நேரத்தில் பிள்ளைகளைத் தூக்குவோமா, பெட்டியைத் தேடுவோமா?

அந்த வெள்ளத்தில் ரேஷன் கார்டு, பாஸ்புக் இழந்தவர்களுக்கு நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம் நடத்தியது. நம் குழுவின் கடன் பேரேட்டுக்கு எந்த முகாமில் நகல் கிடைக்கும்? உள்கடனில் யார் எத்தனை தவணை கட்டினார்கள் என்பது பல குழுக்களில் அந்த ஒரு நோட்டில்தான் இருக்கிறது. அது நனைந்தால், ஒழுங்காகக் கட்டியவர் தலையிலும் பாக்கி விழும். குழு உடைவதே இப்படித்தான்.

ஆகவே ஐப்பசி பிறக்குமுன் நோட்டுகளை பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி, பரண்மேல் வையுங்கள். கூட்டம் முடிந்ததும் அன்றைய பக்கத்தை இரண்டு பேர் செல்போனில் போட்டோ எடுக்கட்டும். இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக வேண்டாம்.