உடலில் அணியும் காமிராவும் அதன் பதிவுகளைப் பேணும் முறையும்

நெற்றியிலோ மார்பிலோ மணிக்கட்டிலோ பூட்டிக்கொள்ளுதற்குரிய சிறு காமிராக்கள் இக்காலத்தில் மிகுதியாகப் பரவியுள்ளன. மலையேறுவோரும் மிதிவண்டிப் பந்தயத்தினரும் மட்டுமன்றிப் போலீஸாரும் மீனவரும் அவற்றை அணிகின்றனர். கையிற் பிடிக்கும் காமிராவிற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. அதனை எடுப்பவன் இன்னதைப் படம் பிடிப்பேன் என்று முன்னரே தேர்ந்துகொள்கிறான். இதனை அணிந்தவனோ தன் தொழிலில் ஈடுபட்டிருக்கிறான். காமிரா அவன் காண்பனவற்றையெல்லாம் வேறுபாடின்றி வாங்கிக்கொள்கிறது. ஆதலின் முன்னர்ச் செய்யவேண்டிய தேர்வு பின்னர்ச் செய்யவேண்டியதாகின்றது. அப்பின்வேலையைப் பற்றியே ஈண்டுச் சில கூறப் புகுந்தோம்.

அமெரிக்காவில் 2002இல் நிக் உட்மன் என்பார் தொடங்கிய கோப்ரோ நிறுவனம் 2004இல் வெளியிட்ட முதற் காமிரா, மணிக்கட்டில் அணிவது. 35 மில்லிமீட்டர் பிலிம் சுருளில் நிழற்படம் மாத்திரமே எடுப்பது. சுருள் தீர்ந்தவுடன் வேலையும் தீர்ந்தது. இப்பொழுதுள்ள நிலை வேறு. விநாடிக்கு 60 மெகாபிட் என்னும் அளவிற் பதியும் காமிரா ஒரு மணி நேரத்தில் 27 ஜிகாபைட் இடத்தைக் கொள்கிறது. நாளொன்றுக்கு ஒரு மணியாக ஆண்டில் 300 நாள் பதிந்தால் 8,100 ஜிகாபைட் ஆகும். இடத்தை விலைகொடுத்து வாங்கிவிடலாம். ஆனால் அந்த 300 மணி நேரத்தையும் இருந்து பார்ப்பவர் யார்?

பதிவுகள் பெருகுவதினும் மிக்க இடர் அவை துண்டுபடுதலால் விளைகின்றது. பட்டனை ஒருமுறை அழுத்தி நாற்பது நிமிஷம் இடையறாது பதிந்தாலும் கணினியிற் காண்பது ஒரு கோப்பு அன்று. நான்கு ஐந்து கோப்புக்கள். இதன் காரணம் பழையது. 1996இல் வந்த ஃபேட்32 என்னும் சேமிப்பு முறையில் ஒரு கோப்பின் பருமனைக் குறிப்பதற்கு 32 பிட் இடமே உண்டு. அதனால் 4 ஜிகாபைட்டிற்கு ஒரு பைட் குறைந்த அளவே ஒரு கோப்பின் எல்லை. பெரிய மெமரி கார்டுகளில் இப்பொழுது இவ்வெல்லை இல்லாத வேறு முறை வந்துவிட்டது. ஆயினும் காமிராக்கள் பல பழைய வழக்கத்தையே பின்பற்றுகின்றன. புதிய சில மாதிரிகள் சற்றுப் பெரிய துண்டுகளாக வெட்டுகின்றன. மேற்கூறிய அளவிற் பதிந்தால் ஏறக்குறைய ஒன்பதரை நிமிஷத்திற்கு ஒருமுறை கோப்பு மாறும்.

இனி, அத்துண்டுகள் பெயர் பெறும் விதத்தைக் காண்போம். கோப்ரோவின் பல மாதிரிகளில் கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்களாலாயது. முதலிரண்டும் ஆங்கில எழுத்துக்கள்; அடுத்த இரண்டு இலக்கங்கள் துண்டின் எண்; இறுதி நான்கு பதிவின் எண். எனவே 010034, 020034, 030034 என்பன ஒரே பதிவின் மூன்று துண்டுகள். 010035 என்பது வேறொரு பதிவின் முதற்றுண்டு. பெயர் வரிசையில் இவற்றை அடுக்கினால் 010034ஐ அடுத்து 020034 வாராது. 010035உம் 010036உம் வந்து நிற்கும். கயிறு உருவப்பட்ட சுவடிகளின் முதலேடுகளையெல்லாம் ஒரு குவியலாகவும் இரண்டாம் ஏடுகளையெல்லாம் மற்றொரு குவியலாகவும் ஒருவர் அடுக்கிவைத்தால் எவ்வாறிருக்குமோ அவ்வாறிருக்கும். ஏடு பார்த்துப் பழகிய தமிழ் மாணவர்க்கு இதன் துன்பம் எளிதில் விளங்கும்.

இத்துன்பம் வெறும் அசௌகரியமாக நின்றுவிடுவதில்லை. எமக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் குமரிக் கடற்கரையினர். முதுமையால் கடற்றொழிலை விடவிருந்த தம் தாத்தாவின் தலையில் அவர் காமிராவைக் கட்டி, இருவரும் வள்ளத்திற் சென்றனர். கடலடியிலுள்ள பாறைத்திட்டுக்களைப் பார் என்பர். மீன் கூடுமிடம் அதுவே. கருவியொன்றுமின்றி அவ்விடத்தைக் கண்டறியும் முறையைக் கிழவர், "மக்களே, இங்கே பாரு" என்று பேரனை அழைத்து அழைத்துச் சொல்லிவந்தார். தேவாலயக் கோபுரம் இன்ன மலைமுகட்டிற்கு நேரே வரவேண்டும் என்பது ஒரு குறி. தென்னந்தோப்பின் ஓரம் இன்ன பாறையோடு பொருந்தவேண்டும் என்பது மற்றொரு குறி. இரண்டு நேர்கோடுகளும் ஒன்றையொன்று வெட்டுமிடமே பார். ஒரு குறி மட்டும் தெரிந்தவன் கடலில் ஒரு நீண்ட கோட்டினையே அறிந்தவனாவான்.

கிழவர் மறைந்து சில மாதங்களுக்குப் பின் வீட்டார் அப்பதிவைத் தேடினர். முதற்குறி ஒரு துண்டின் இறுதியில் இருந்தது. அடுத்த துண்டைத் திறந்தால் சந்தையும் திருமணப் பந்தலும் தோன்றின. இரண்டாம் குறி இழந்துபோயிற்று என்றே முடிவு செய்தனர். அது நூற்றுக்கு மேற்பட்ட கோப்புக்களுக்கு அப்பால் 02 என்று தொடங்கும் வரிசையிற் கிடந்ததை, எண்களின் பொருளறிந்த ஒருவர் பிற்பாடு எடுத்துக் கொடுத்தார். கார்டில் இடம் வேண்டுமென்று அதற்கு முன்னமே அழித்திருப்பார்களாயின் என்னாகும்?

ஆகவே பெயர் மாற்றுதலே முதல் வேலை. ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் தேதியை முன்வைத்து, பின் பதிவெண், அதன்பின் துண்டெண், இறுதியில் ஒரு சொல் எனப் பெயரிடுதல் நன்று: 2025-01-18-0034-02-பார் என்பது போல. தேதியை இவ்வரிசையில் எழுதுதல் ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் சர்வதேச நியமத்திற்கும் ஒத்தது. கணினி பெயர் வரிசையில் அடுக்கும்போது கால வரிசையும் தானே அமைந்துவிடும். நாள் முதலாக எழுதும் நம் வழக்கம் கடிதத்திற்குப் பொருந்தும், கோப்பிற்குப் பொருந்தாது.

காமிராவின் கடிகாரத்தையும் நம்பிவிடலாகாது. பாட்டரி நெடுநேரம் இறங்கிவிட்டால் அது பழைய ஆண்டொன்றின் ஜனவரி முதல் தேதிக்குப் போய்விடுவதுண்டு. எம்.பி.4 கோப்பிலே காலம் 1904 ஜனவரி 1 முதல் எண்ணிவந்த விநாடிகளாகக் குறிக்கப்படுகிறது. அது உலகப் பொது நேரமாக இருத்தல் வேண்டும் என்பது விதி. காமிராக்கள் பல உள்ளூர் நேரத்தையே எழுதிவிடுகின்றன. அதனைப் பொது நேரமெனக் கொண்டு கணினி ஐந்தரை மணி கூட்டினால், டிசம்பர் 24ஆம் நாள் மாலை ஏழு மணிக் கீதபவனி 25ஆம் நாள் நள்ளிரவு கடந்து 12.30க்கு நிகழ்ந்ததாகத் தோன்றும். பதியத் தொடங்கும்போது கைக்கடிகாரத்தை ஒரு கணம் காமிராவிற்குக் காட்டுதல் இதற்கு எளிய மருந்து.

பிரதிகளைப் பற்றி நீள உரைக்கவேண்டுவதில்லை. மூன்று பிரதி, இருவகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்பது பீட்டர் க்ரோக் என்னும் அமெரிக்கப் புகைப்படக்காரர் பரவச்செய்த விதி. இரண்டு பிரதிகளேனும் அமைந்து, அவை திறந்து ஓடுவதைக் கண்ட பின்னரே கார்டை அழித்தல் வேண்டும். ஆனால் 8,100 ஜிகாபைட்டை மும்மடங்காக்குதல் ஒரு குடும்பத்திற்கு இயலுவதன்று. எனவே கழித்தல் இன்றியமையாததாகிறது. கழிப்பதற்குப் பார்த்தல் வேண்டும்.

பார்த்தலின் பயனுக்கு ஒரு சான்று உண்டு. மைக்ரோஸாப்டின் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக் கூடத்தில் உருவான சென்ஸ்கேம், கழுத்தில் தொங்கவிடுவது. வீடியோவன்றி நிழற்படங்களைத் தானே அடுத்தடுத்து எடுப்பது. மூளையழற்சியால் நினைவை இழந்த ஒரு பெண்மணிக்கு அவ்வூர் மருத்துவர்கள் இதனை அணிவித்துச் சோதித்த முடிவு 2007இல் வெளியாயிற்று. அப்படங்களை அவர் தம் கணவருடன் இரண்டு நாளைக்கு ஒருமுறை சுமார் இரு வாரம் பார்த்துவந்தார். நிகழ்ச்சிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது அவர் நினைவில் நின்றன. எழுதிய நாட்குறிப்பைப் படித்தபோது அவ்வளவு நிற்கவில்லை. நினைவைத் தந்தது காமிரா மட்டுமன்று. உடனிருந்து மீண்டும் மீண்டும் பார்த்ததும் ஆம் என்பது எம் அபிப்பிராயம். பதிந்த இரண்டொரு நாளில் பார்ப்பவனுக்கே எது வேண்டுவது, எது வேண்டாதது என்பதும் தெரியும். ஆறு மாதம் கழிந்தால் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும்.

அவ்வாறு பார்க்கும்பொழுது ஒரு நோட்டுப் புத்தகம் பக்கத்தில் இருக்கட்டும். கோப்பின் பெயர், நிமிஷம், அங்கே நிகழ்வது, பேசுவோர் யார் என்னும் நான்கும் போதும். "7 நிமிஷம் 40 விநாடி, தாத்தா, முதற்குறி" என்னும் ஒரு வரி, எத்துணை விலையுயர்ந்த ஹார்டு டிஸ்க்கும் தாராததைத் தரும்.

வெளியாருக்குக் கொடுப்பதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். சில மாதிரிகள் படத்தோடு இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளையும் கண்ணுக்குத் தெரியாமற் பதிந்துவைக்கின்றன. நம் நண்பரின் கோப்பு அத்தகையது. கிழவர் பேரனுக்கு மாத்திரம் சொன்ன இடத்தை அது கேட்பவர்க்கெல்லாம் சொல்லும். எஃப்.எஃப்.எம்பெக் என்னும் இலவசச் செயலி துண்டுகளைத் தரங்குறையாமல் இணைக்கும். தனியே கட்டளையிட்டாலன்றி அவ்விடக்குறிப்புத் தடத்தை எடுத்துச் செல்லாது. ஆயினும் எக்ஸிஃப்டூல் கொண்டு சோதித்த பின்னரே கொடுத்தல் நலம். அவ்வீட்டார் அவ்வாறு இணைத்துச் சோதித்து, கடலிற் சூரியன் எழும் பகுதியை மட்டும் உறவினர்க்கு அனுப்பினர். குறிகள் இரண்டும் உள்ள மூலத் துண்டுகள் வீட்டில் ஒன்றும் மகள் வீட்டில் ஒன்றுமாக இரண்டு டிஸ்க்குகளில் இருக்கின்றன. மூன்றாம் பிரதிக்குப் பணம் சேர்த்துவருகிறார்கள்.