இரண்டு பழைய கார்களில் எதை வைத்துக்கொள்வது?

கடை வாசலில் இரண்டு பழைய கார்கள் நிற்கும். அவசரத்துக்கு இரண்டும் கிளம்பாது. நம் வியாபாரிகளில் பலருக்கு இதுதான் நிலை. விற்காத சரக்கை ஒரு வருடத்துக்கு மேல் நாம் அடுக்கி வைப்பதில்லை. காரை மட்டும் பத்து வருடம் நிறுத்தி வைத்து, அதற்கு இன்சூரன்ஸும் பேட்டரியும் அழுதுகொண்டிருக்கிறோம்.

எங்களிடம் இருப்பவை 2001-ஆம் வருடத்து டீசல் அம்பாசிடரும், 2009-ஆம் வருடத்து மாருதி ஆம்னியும். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறி, கரியாலூர், வெள்ளிமலை பக்கத்துக் கடைகளில் ஆர்டர் எடுத்து, பாக்கி வசூலித்துக்கொண்டு இருட்டுவதற்குள் இறங்குவதுதான் காரின் வேலை. சரக்கு தனியாக லாரியில் போய்விடும். (சொந்த உபயோகத்துக்குப் பதிவான காரில் மூட்டை ஏற்றி வியாபாரம் செய்வது சட்டப்படி தவறு.) வசூல் பணத்தோடு மலைப்பாதை வளைவில் வண்டி நின்றுவிட்டால் அன்றைய லாபம் மட்டுமா போகும்? ஒன்றை வைத்துக்கொண்டு, அதை ஒழுங்காகச் செப்பனிடுவது என்று தீர்மானித்தோம்.

முதலில் காகிதக் கணக்கு. சொந்தக் காருக்கு 15 வருடம் முடிந்தால், அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 20 வருடம் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு அதை 10,000 ஆக்கியது. பசுமை வரி தனி. எங்கள் அம்பாசிடருக்கு 2026-இல் புதுப்பிப்பு. ஆம்னிக்கு 2029 வரை கவலை இல்லை. மூன்றாம் நபர் காப்பீட்டிலும், 2022-இல் நிர்ணயித்த விகிதப்படி 1,000 சி.சி.க்கு உட்பட்ட ஆம்னிக்கு 2,094 ரூபாய், 1,489 சி.சி. அம்பாசிடருக்கு 3,416 ரூபாய். இதுவரை ஆம்னிதான் லாபம்.

உதிரி பாகத்திலும் அப்படியே. அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றது. ஆம்னி 2019 வரை வந்தது. மாருதி சாமான் சின்ன ஊரிலும் கிடைக்கிறது. அம்பாசிடருக்குச் சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும். இன்னொன்று, மெக்கானிக்கின் வயதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எங்கள் அம்பாசிடரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிறவருக்கு எங்கள் வயதுதான். அவர் பட்டறைப் பையன்களோ கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கிற வண்டிகளில் பழகியவர்கள்.

பெட்ரோலிலும் இப்போது ஒரு விஷயம் பார்க்க வேண்டியிருக்கிறது. பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் அது நாளடைவில் கெடுக்கக்கூடும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆகவே மழைக்காலத்தில் நாள் கணக்கில் நிற்கும் பெட்ரோல் வண்டிக்கு நல்லதல்ல. டீசல் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவும் பேரேட்டில் எழுதிப் பார்த்த பிறகு, இரண்டு வண்டிகளையும் மெக்கானிக் தூக்கி நிறுத்தி அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்தார். அம்பாசிடருக்கு என்ஜினில் ரிங் செட், கிளட்ச் பிளேட், நான்கு சக்கரத்துக்கும் பிரேக் வேலை என்று பட்டியல் நீளம்; செலவு ஆம்னியைப் போல இரண்டு மடங்கு. ஆனால் தட்டின இடமெல்லாம் 'கண்'ணென்றது. ஆம்னியில் என்ஜின் சுத்தம். பின் பட்டை ஸ்பிரிங் பிடித்திருக்கும் இடத்திலோ ஸ்குரூடிரைவர் உள்ளே இறங்கியது. "முதலாளி, என்ஜினை நான் செய்து கொடுத்துவிடுவேன். துருவுக்கு நான் உத்தரவாதம் இல்லை" என்றார்.

எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. என்ஜின் வேலைக்கு ஒரு பில், அதோடு முடிகிறது. துருவுக்கு ஒட்டுப் போட்டால் இரண்டு மழைக்குப் பிறகு பக்கத்தில் இன்னொரு ஓட்டை. சமதளத்தில் ஊருக்குள் ஓடுகிற வண்டியானால் ஆம்னியையே வைத்திருப்போம். மலை இறக்கத்தில் இரண்டாவது கியரில் என்ஜினைப் பிடித்து, வளைவுக்கு வளைவு ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கும் வண்டிக்கு அடிப்பாகம் தவிர வேறு எதை நம்புவது? அம்பாசிடரை வைத்துக்கொண்டோம். கிடைக்கும்போதே கிளட்ச் பிளேட்டும் பிரேக் சாமானும் ஒரு செட் கூடுதலாக வாங்கி அலமாரியில் வைத்தாயிற்று. உப்பும் புளியும் புழங்கும் இடத்தில் கார் நிறுத்துகிறவர்கள், வருடத்துக்கு ஒருமுறையாவது அடிப்பாகத்தைத் தட்டிப் பார்ப்பது நல்லது.

கழித்துக்கட்டும் வண்டியில்தான் அதிக எச்சரிக்கை தேவை. புரோக்கர் கையில் சாவியைக் கொடுத்துப் பணத்தை எண்ணி வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விற்றால் 29, 30-ஆம் படிவங்கள் கொடுத்துப் பெயர் மாறிய அத்தாட்சியைப் பார்க்க வேண்டும். எங்கள் ஆம்னியை இன்னொருவர் தலையில் கட்ட மனம் வரவில்லை. பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். அங்கே தரும் சான்றிதழை வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவை ரத்து செய்த நகல் கைக்கு வரும் வரை இன்சூரன்ஸை நிறுத்துவதாக இல்லை.