மடிக்கணினியின் புதிய மின்கலம்: மின்னேற்றலும் பராமரிப்பும்

மடிக்கணினியை மேசைக் கணினியிலிருந்து வேறுபடுத்தும் முக்கிய உறுப்பு அதன் மின்கலம் ஆகும். 2022 மார்ச் இறுதியில் நமது நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்தபோது இதன் அருமையைப் பலரும் உணர்ந்தனர். ஆயினும் மடிக்கணினியில் முதலில் தேய்ந்துபோகும் உறுப்புகளுள் இதுவும் ஒன்று. புதிதாக மாற்றுவதற்குப் பல ஆயிரம் ரூபா வேண்டும்.

"புதிய மின்கலத்தை முதல் நாள் 12 மணித்தியாலம் தொடர்ந்து சார்ஜ் பண்ண வேணும், பிறகு முழுக்க இறங்கின பின்தான் திரும்ப ஏற்ற வேணும்" என்று கடையிலும் வீட்டிலும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது வெறும் கட்டுக்கதை அன்று. முன்னர் பயன்பட்ட நிக்கல் கட்மியம் மின்கலத்துக்குப் பொருந்திய அறிவுரை இது. அவ்வகை மின்கலத்தைப் பாதி இறங்கிய நிலையிலேயே திரும்பத் திரும்ப மின்னேற்றினால் அதன் கொள்ளளவு குறைந்ததுபோலக் காணப்படும். இதனை நினைவு விளைவு என்பர். இன்றைய மடிக்கணினிகளில் இருப்பதோ 1991 இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த இலிதியம் அயன் வகை. இதில் நினைவு விளைவைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மின்கலத்தின் வகை மாறிய பின்னரும் பழைய அறிவுரை மாத்திரம் நம்மிடையே தங்கிவிட்டது.

மின்னேற்றும்போது இலிதியம் அயன்கள் நேர் மின்வாயிலிருந்து மின்பகுபொருளினூடாகச் சென்று, பென்சிற்கரியாலான மறை மின்வாயினுள் தங்குகின்றன. (நமது நாட்டில் போகலைச் சுரங்கத்தில் அகழப்படும் கனிமமும் பென்சிற்கரியே.) கணினியைப் பயன்படுத்தும்போது அவை எதிர்த்திசையில் திரும்புகின்றன. பொதுவாக ஒரு கலம் 4.2 வோல்ற்றை அடைந்ததும் வோல்ற்றளவு மேலும் உயராது தடுக்கப்பட்டு, மின்னோட்டம் படிப்படியாகக் குறைந்து, இறுதியில் மின்னேற்றல் தானாகவே நின்றுவிடும். எனவே இரண்டு, மூன்று மணித்தியாலங்களில் நிரம்பிய மின்கலத்துக்கு எஞ்சிய ஒன்பது மணித்தியாலமும் எதனையும் சேர்ப்பதில்லை.

அப்படியாயின் முதல் நாள் என்ன செய்யலாம்? கணினியுடன் தரப்பட்ட சார்ஜரினால் ஒருமுறை 100% வரை ஏற்றிவிட்டு வழமைபோலப் பயன்படுத்துங்கள். பின்னர் ஒருமுறை, எச்சரிக்கை தோன்றும்வரை இறங்கவிட்டு மீண்டும் நிரப்பினால், திரையில் காட்டப்படும் சதவீதம் சரியாக அமையும். கவனியுங்கள்: இதனால் திருந்துவது அளவுகாட்டியே, மின்கலம் இதனால் வலுவடைவதில்லை. மாணவர்கள் பலர் குழம்பும் இடம் இது.

மின்கலத்தின் கொள்ளளவைக் கணிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். 3.7 வோல்ற்றுக் கலங்கள் மூன்று தொடராக இணைந்தால் 11.1 வோல்ற்று. மின்கலத்தின் மேல் 4400 மில்லி அம்பியர் மணி, அதாவது 4.4 அம்பியர் மணி என்று இருந்தால்,

சக்தி = 11.1 × 4.4 = 48.84 வாற்று மணி

கணினி 12 வாற்று வலுவை நுகருமாயின் ஏறத்தாழ 4 மணித்தியாலம் இயங்கும். கொள்ளளவு 80% ஆகக் குறைந்தபின் அதே கணினி 3¼ மணித்தியாலமே தாங்கும்.

இக்குறைவை விரைவுபடுத்துபவற்றுள் முதலாவது வெப்பம். வெப்பநிலை உயர, கலத்தினுள் நிகழும் வேண்டாத இரசாயனத் தாக்கங்களின் வீதமும் உயரும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ், அதுவும் மெத்தை மீது காற்றுத் துவாரம் மூடப்படும்படி கணினியை வைத்துப் படிப்பது மின்கலத்துக்குக் கேடு. மரப்பலகையோ தட்டையான ஒரு பெரிய புத்தகமோ அடியில் இருந்தாலே போதும். அடுத்தது, நாட்கணக்கில் 100% இலேயே வைத்திருத்தல். எப்போதும் சார்ஜரில் இணைத்து வைத்தால் அளவுக்கு மீறி ஏறி வெடித்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. கட்டுப்பாட்டுச் சுற்று அதைத் தடுக்கும். ஆனால் உயர் வோல்ற்றளவில் நீண்டகாலம் இருப்பதால் மின்கலம் முதுமையடையும். சில கணினிகளில் 80% உடன் மின்னேற்றலை நிறுத்தும் அமைப்பு உண்டு; இருப்பின் பயன்படுத்துங்கள்.

முற்றாக இறங்கவிடுவதும் நன்றன்று. 20% அளவில் மீண்டும் ஏற்றலாம். இடையிடையே சார்ஜரைச் செருகினால் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்றாகக் கணக்கிடப்படும் என்பது தவறு. திங்களன்று 50%, செவ்வாயன்று 50% பயன்படுத்தி நிரப்பினால் இரண்டும் சேர்ந்தே ஒரு மின்னேற்றச் சுற்றாகும். விடுமுறையில் கணினியை மூடி வைப்பதாயின், பாதியளவு மின்னேற்றத்துடன் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

தொடுபலகை மேலெழுந்தாலோ அடிமூடி பிதுங்கினாலோ மின்கலம் வீங்கியுள்ளது என்பது பொருள். உடனே கணினியை நிறுத்திச் சார்ஜரைக் கழற்றுங்கள். மின்கலத்தை அழுத்தவோ, துளையிடவோ, குப்பையுடன் எரிக்கவோ கூடாது. திருத்துநரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பயிற்சி
1. 14.8 வோல்ற்று, 2600 மில்லி அம்பியர் மணி எனக் குறிக்கப்பட்ட மின்கலத்தில் சேமிக்கத்தக்க சக்தியை வாற்று மணியில் காண்க.
2. இலிதியம் அயன் மின்கலத்தை முதல் நாள் 12 மணித்தியாலம் மின்னேற்றுவது ஏன் தேவையற்றது? இரு காரணங்கள் தருக.