சம்பளம் வாங்காத நடிகர்கள்

போன மாசம் போடிநாயக்கனூர் போயிருந்தேன். என் தாய்மாமா அங்கே ஏலக்காய்க் கடையில நாற்பது வருஷம் கணக்கு எழுதினவர். பகல்ல, மலையிலிருந்து இறங்குற மூட்டைகளுக்கு எடை, பேரேடு. ராத்திரியில நாடக ஒத்திகை. ஊர்த் திருவிழா மேடையில வருஷம் தவறாம வேஷம் கட்டுவார்.

இந்த வருஷம் விழா கமிட்டி நாடகத்தை விட்டுட்டு ஆர்க்கெஸ்ட்ரா வச்சிட்டாங்க. ஆறுதல் சொல்றதா நினைச்சு நான், "விடுங்க மாமா, அதுல உங்களுக்கு என்ன கிடைச்சுது?"ன்னு கேட்டேன். அவர் பதில் சொல்லல. ஜமீன்தார் வேஷத்து ஜிப்பாவை மடிச்சு டிரங்குப் பெட்டியில வச்சார். கேள்வி தப்புன்னு அப்பவே தெரிஞ்சுது. ஏன் தப்புன்னு புரிய வச்சவர் பம்மல் சம்பந்த முதலியார்.

1873-ல பிறந்தவர். சின்ன வயசுல அவருக்குத் தமிழ் நாடகம்னாலே பிடிக்காது. 1891-ல பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவோட குழு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகம் போட்டது. மேடையில நின்னவங்க படிச்சவங்க, வேற தொழில் பார்க்கிறவங்க. 'கூத்தாடி'ங்கிறது வசைச் சொல்லா இருந்த காலம் அது! நாமும் இப்படிச் செய்யலாமேன்னு அவருக்குத் தோணுச்சு. அதே வருஷம் ஜூலை 1-ல நண்பர்களோட சேர்ந்து சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். அப்போ வயசு 18.

கம்பெனி நாடகக்காரங்களுக்கு டிக்கெட் வசூல்தான் சாப்பாடு. சபாக்காரங்களுக்கு வேற பிழைப்பு இருந்தது; நடிப்பு ஆசைக்காக. நம்ம காலத்துல ஆபீஸ் முடிஞ்சு வந்து ஓப்பன் சோர்ஸ் கோடு எழுதுறோமே, அந்த மாதிரி. பெண் வேஷமும் ஆண்களே போட்டாங்க. சம்பந்த முதலியார் வக்கீல், பிறகு ஸ்மால் காஸஸ் கோர்ட் நீதிபதி. அதுக்கு நடுவுல எழுதின நாடகங்கள் 90-க்கு மேல. ஷேக்ஸ்பியரோட 'ஹாம்லெட்' அவர் கையில 'அமலாதித்யன்' ஆச்சு. 'மனோகரா'வுல அவரே மனோகரனா நடிச்சார். தொழில்முறைக் கம்பெனிகளும் அதை எடுத்து ஆடின. 1954-ல சிவாஜி நடிச்ச படம் அதிலிருந்து வந்ததுதான். 1959-ல பத்மபூஷண். 1964-ல இறந்தார். நாடக வாழ்க்கையைப் பத்தி அவர் எழுதினது மட்டும் பல பாகங்கள்.

தேனிப் பக்கமும் இந்த ஆசை உண்டு. அல்லிநகரத்து பாரதிராஜா சுகாதாரத் துறையில வேலை பார்த்துக்கிட்டே நாடகம் போட்டவர். அவர் சென்னைக்கு பஸ் ஏறினார். என் மாமா மாதிரி ஏறாதவங்கதான் அதிகம்.

'அமெச்சூர்'னா நாம கத்துக்குட்டின்னு நினைக்கிறோம். லத்தீன் மூலத்துல அதுக்கு அர்த்தம், நேசிக்கிறவர். நேசிக்கிறவர்கிட்ட போய் நான் லாபக் கணக்கு கேட்டிருக்கேன்.

கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி வேற கேள்வி கேட்டேன்: "மாமா, முதல் தடவை மேடை ஏறினப்ப என்ன வேஷம்?"

"பொணமா படுத்துக் கிடந்தேன் மாப்ளே. மூக்குல கொசு உட்கார்ந்துச்சு. அசையலையே!"

அப்புறம் ரெண்டு மணி நேரம் பேசினார். போன்ல பதிவு பண்ணியிருக்கேன். அடுத்த எபிசோடு அவரோடதுதான்.