பாசியில் காசு உண்டா? முன்பணம் கட்டும் முன் படியுங்க

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெம்மேலியைத் தாண்டும்போது கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களைப் பார்த்திருப்பீங்க. 2013-இல் தொடங்கியது நாளுக்கு 10 கோடி லிட்டர் தரும். 2024-இல் தொடங்கியது 15 கோடி லிட்டர். உப்புத் தண்ணியே குடிதண்ணி ஆகும்போது, பாறையில் ஒட்டிக் கிடக்கும் பாசி காசாகாதா? ஆகும். ஆனா எது விலை போகும்னு தெரிஞ்சுக்கணும்.

முதலில் நொதி, அதாவது என்சைம். சலவைத்தூளில் பால் கறை, ரத்தக் கறையை உடைப்பது இதுதான். தொழிற்சாலை நொதிகளில் பெரும்பகுதி பாக்டீரியா, பூஞ்சைகளிலிருந்து வருது. பாசியிலும் நொதி உண்டு. பாசிமேல் வாழும் பாக்டீரியாக்கள் சுரக்கும் 'அகரேஸ்', அகர் கூழைக் கரைக்கும், டி.என்.ஏ. ஆய்வுக்கூடங்களில் பயன்படுது. ஆனா இதுக்கு டன் கணக்கில் பாசி வேண்டாம். நல்ல நுண்ணுயிர் கிடைத்தால், அதைத் தொட்டியிலேயே பெருக்கிக்கலாம்.

மூட்டை மூட்டையாக வாங்குவது அகர், அல்ஜினேட், கராஜீனன் தயாரிப்பவர்கள்தான். ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி அகருக்கும், கட்டக்கோரை அல்ஜினேட்டுக்கும் போகுது. மிதவையில் வளர்க்கும் கப்பாபைகஸ் கராஜீனனுக்கு. அந்த மாவட்டத்தின் வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

நம்ம பக்கம் முடியுமா? மிதவைக்கு அலை அடங்கிய கடல் வேணும். பாக் நீரிணை அப்படி. நெம்மேலியில் அலை அதிகம். அதனால அங்கே ஓடும் தொழில் இங்கேயும் அப்படியே ஓடும்னு நம்பிடாதீங்க.

"பாசி வளருங்க, நொதி கம்பெனி வாங்கும், முன்பணம் கட்டுங்க" என்று போனில் செய்தி வந்தால்:

• பணம் அனுப்பாதீங்க. எந்தப் பாசி, எதுக்கு, கிலோ என்ன விலை, யார் வாங்குவாங்க என்று எழுத்தில் கேளுங்க.
• மீன்வளத்துறை அலுவலகத்துக்கு நேரில் போய் விசாரிங்க. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மிதவைச் செலவுக்குப் பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 60 சதவீதம் மானியம் என விதி இருக்கு. இந்த ஆண்டு நிதி இருக்கா, என்ன ஆவணம் வேணும் என்பதையும் அங்கேயே கேளுங்க.
• ஏமாந்துட்டா தயங்காம உடனே 1930-க்கு அழையுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு.

கடல் கொடுக்கும். கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு இறங்குங்க.